வீட்டுப் பாடமும் இளம் பிள்ளைகளும்

தொடக்கப் பள்ளியில் முதல் இரண்டு வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடம் கொடுக்கலாமா, கூடாதா என்ற கேள்வி இன்று பல வீடுகளில் எழுகிறது. கொடுக்க வேண்டும் என்று பெற்றோர் பலர் விரும்புகின்றனர். கொடுக்காவிட்டால் படித்ததை மறந்துவிடுகிறார்கள் என்று ஆசிரியர் சிலர் சொல்லுகின்றனர். கொடுக்கக் கூடாது என்று அரசின் விதி கூறுகிறது. இம்மூவருக்கும் நடுவே, ஆறு வயதுப் பிள்ளை ஒன்று மாலை நேரத்தில் கையில் பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நான் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராகவும் பின்பு தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரை ஊராகிய கடப்பாக்கத்தில் வாழ்கிறேன். இங்குள்ள வீடுகளையும் பள்ளிகளையும் பார்த்தவன் என்ற முறையில் என் கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் விதி எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். 1989-ஆம் ஆண்டில், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த எழுத்தாளர் ஆர். கே. நாராயண், பள்ளிப் பிள்ளைகள் சுமக்கும் புத்தகப் பையைப் பற்றி அவையில் பேசினார். ஓய்வில்லாமல் நீளும் அவர்களுடைய நாளைப் பற்றியும் பேசினார். அந்தப் பேச்சு பலரைச் சிந்திக்க வைத்தது. 1992-இல் மத்திய அரசு பேராசிரியர் யஷ்பால் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் அறிக்கை 1993-இல் வெளிவந்தது. பையின் பாரம் ஒரு துன்பந்தான்; ஆனால் புரியாமல் படிப்பதன் பாரம் அதனினும் கொடிது என்பது அவ்வறிக்கையின் சாரம். தொடக்க வகுப்புகளில் வீட்டுப் பாடம் வேண்டா. வீட்டையும் சுற்றுப்புறத்தையும் பிள்ளை தானே ஆராய்ந்து அறிவதற்கு உதவும் வேலை மட்டும் இருக்கலாம் என்றும் அது பரிந்துரைத்தது.

பரிந்துரை ஏட்டில் இருந்தது. மூட்டை முதுகில் இருந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின், 2018-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருபாகரன் ஓர் உத்தரவு பிறப்பித்தார். மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் 1, 2 வகுப்புகளுக்கு வீட்டுப் பாடம் தரலாகாது என்றும், இதனைக் கண்காணிக்கப் பறக்கும் படை வேண்டும் என்றும் அவர் கூறினார். அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. 1, 2 வகுப்புப் பிள்ளைகளின் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேற்படக் கூடாது. வீட்டுப் பாடமும் கூடாது என்றது அச்சுற்றறிக்கை. 2020-இல் வந்த பள்ளிப் பைக் கொள்கையும் இவ்வகுப்புகளுக்கு வீட்டுப் பாடம் கூடாது என்பதை வழிமொழிந்தது. 3 முதல் 5 வரை உள்ள வகுப்புகளுக்கு வாரத்திற்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் வீட்டுப் பாடம் கூடாது என்றும் அது வரையறுத்தது. நாள் ஒன்றுக்கு இரண்டு மணி அன்று. வாரம் முழுவதற்குமாக இரண்டு மணி. இதைப் பல பெற்றோர் இன்னும் அறியார்.

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், பல வீடுகளில் மாலை விளக்கு ஏற்றியதும் நோட்டுப் புத்தகம் விரிக்கப்படுகிறது. விதியை மட்டும் காட்டி இதை மாற்ற முடியாது. காரணத்தை உணர்ந்தால்தான் மாற்றம் வரும். ஆகவே காரணங்களைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

பிள்ளையின் கையிலிருந்து தொடங்குவோம். ஆறு வயதில் விரல்கள் இன்னும் முதிரவில்லை. பென்சிலை எப்படிப் பிடிப்பது, எழுத்தை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுழிப்பது என்பதையெல்லாம் அப்போதுதான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. நம் தமிழ் எழுத்துகளோ வளைவும் சுழியும் மிகுந்தவை. 'ன'கரத்திற்கு இரண்டு சுழி, 'ண'கரத்திற்கு மூன்று சுழி. பிள்ளை ஒரு சுழியை விட்டுவிட்டு எழுதினால், வகுப்பில் ஆசிரியர் முதல் எழுத்திலேயே கண்டு திருத்திவிடலாம். வீட்டில் தனியே எழுதும் பிள்ளை அந்தப் பிழையை ஐம்பது முறை எழுதிவிடும். பயிற்சி திறமையை நிலைப்பிப்பது போலவே பிழையையும் நிலைப்பிக்கும். முதல் வகுப்பில் எழுத்துப் பயிற்சி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அது ஆசிரியரின் கண்முன் நடக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இனி ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ககர வரிசையை ஐந்து முறை எழுதி வா என்று ஆசிரியர் சொல்லுகிறார். க முதல் கௌ வரை பன்னிரண்டு எழுத்து. ஐந்து முறை எழுதினால் 60 எழுத்து. வகுப்பில் 30 பிள்ளைகள் இருந்தால் மறுநாள் காலையில் ஆசிரியர் முன்னே 1,800 எழுத்துகள் குவிகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த எந்த ஆசிரியராலும் இயலாது. பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு. கீழே ஒரு கையொப்பம். பிள்ளை அழுது எழுதியதற்கும் அக்கோடுதான். அக்காள் எழுதிக் கொடுத்ததற்கும் அக்கோடுதான். தன் உழைப்பை யாரும் பார்ப்பதில்லை என்பதைப் பிள்ளை விரைவில் அறிந்துகொள்கிறது. பள்ளியைப் பற்றி அது கற்கும் முதற் பாடம் இதுவாக இருக்கலாமா?

அடுத்து வீட்டைப் பார்ப்போம். இதுவே எல்லாவற்றிலும் முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன். எங்கள் பகுதியில் மீனவக் குப்பங்கள் உள்ளன. தந்தை விடியுமுன் படகேறிக் கடலுக்குப் போகிறார். தாய் கூடையைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் போகிறார். சற்று உள்ளே போனால் வேர்க்கடலையும் தர்ப்பூசணியும் விளையும் நிலங்கள். தெற்கே மரக்காணம் பக்கம் உப்பளங்கள். அங்கெல்லாம் தாயும் தந்தையும் வெயிலில் நின்று வேலை செய்து மாலையில் களைத்துத் திரும்புகிறார்கள். அவர்களில் பலருக்கு எழுத்தறிவு இல்லை, இருந்தாலும் சொற்பம். அதே வகுப்பில் கடைக்காரரின் பிள்ளையும் அலுவலரின் பிள்ளையும் இருக்கக்கூடும். அந்த வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. மறுநாள் இருவர் நோட்டுப் புத்தகமும் ஒரே மேசைமீது வைக்கப்படுகின்றன. ஒன்றுக்குப் பாராட்டு, மற்றொன்றுக்குக் கண்டிப்பு. ஆசிரியர் பிள்ளைகளை மதிப்பிடுவதாக எண்ணுகிறார். உண்மையில் அவர் மதிப்பிடுவது வீடுகளை! தன் வீட்டில் இல்லாத ஒன்றுக்காகப் பிள்ளை வகுப்பில் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. அப்படி நாலு நாள் நின்ற பிள்ளை ஐந்தாம் நாள் வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கு வருவதில்லை. இதை நான் பன்முறை கண்டிருக்கிறேன்.

கொரோனாக் காலத்திற்குப் பின் இந்த வேற்றுமை இன்னும் கூடியிருக்கிறது. இப்போது பல பள்ளிகளில் வீட்டுப் பாடம் வாட்ஸ்அப் வழியாக வருகிறது. வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அது தந்தையோடு வேலைக்குப் போய் இரவு திரும்பி வருகிறது. பிள்ளை தூங்கிய பிறகு பாடம் வந்து சேர்கிறது. தூங்கும் பிள்ளையை எழுப்பி எழுத வைக்கும் தாய்மாரும் உண்டு. ஆறு வயதுப் பிள்ளைக்கு உணவைப் போலவே உறக்கமும் இன்றியமையாதது. உறக்கம் கெட்ட பிள்ளை மறுநாள் வகுப்பில் பாடத்தைக் கேட்பதில்லை. ஒரு பக்கம் எழுதியதற்காக ஒரு நாள் பாடத்தை இழக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும் பெற்றோர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. படகோட்டியான ஒரு தந்தை ஒருமுறை என்னிடம் சொன்னார்: "ஐயா, எங்களுக்குப் படிப்புக் கிடையாது. பிள்ளை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் அது படிக்கிறது என்று எங்களுக்குத் தெரிகிறது." அந்தச் சொல்லை நான் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. கல்வியின்மீது அவர் வைத்திருந்த பெருநம்பிக்கை அதில் இருந்தது. தம் பிள்ளை தம்மைப் போலக் கடலை மட்டுமே நம்பியிராமல் வேறு வழியும் அறிய வேண்டும் என்று அவர் விரும்பினார். பள்ளிக்குள் நடப்பதை அவரால் பார்க்க முடியாது. நோட்டுப் புத்தகம் ஒன்றுதான் அவருக்குக் கண்ணால் காணும் அடையாளம். ஆகவே, வீட்டுப் பாடத்தை நிறுத்திவிட்டோம் என்று மட்டும் சொல்லி அவரை அனுப்புவது முறையன்று. அதனினும் நல்லதோர் அடையாளத்தை அவருக்குக் கொடுக்க வேண்டும். அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

இந்தக் கேள்வி நம் நாட்டில் மட்டும் எழுந்ததன்று. பிரான்சு நாட்டில் 1956-ஆம் ஆண்டு டிசம்பரிலேயே, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து வேலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது என்று அரசு சுற்றறிக்கை விடுத்தது. அங்கும் பெற்றோர் கேட்பதும் ஆசிரியர் கொடுப்பதும் அடியோடு நின்றுவிடவில்லை. அதே விதியைப் பலமுறை நினைவூட்ட வேண்டியிருந்தது. போலந்து நாட்டில் 2024 ஏப்ரலில், முதல் மூன்று வகுப்புகளுக்குக் கட்டாய வீட்டுப் பாடம் நீக்கப்பட்டது. விரல்களுக்குப் பயிற்சி தரும் வேலை மட்டும் விலக்காக விடப்பட்டது. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்னும் ஆய்வாளரும் அவருடைய துணைவர்களும் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2006-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். உயர் வகுப்புகளில் வீட்டுப் பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் நல்ல தொடர்பு காணப்பட்டது. தொடக்க வகுப்புகளிலோ அத்தொடர்பு மிகமிகச் சிறிதாகவே இருந்தது. பதினைந்து வயது மாணவனுக்குப் பொருந்துவது ஆறு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது என்பதை நம் அனுபவமும் காட்டுகிறது.

அப்படியானால் பள்ளி விட்டதும் பிள்ளைக்கும் கல்விக்கும் உறவே வேண்டாவா என்று கேட்கலாம். உறவு வேண்டும், அதன் வடிவம் வேறாக இருக்க வேண்டும். இதற்கு நம் முன்னோரிடமே ஒரு வழி இருந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் தம் இளமைக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். மாலையில் பள்ளிக்கூடம் விடும்போது உபாத்தியாயர் பிள்ளைகளுக்குப் பூ, பறவை, விலங்கு, ஊர் முதலியவற்றின் பெயர்களைச் சொல்லி அனுப்புவாராம். அவற்றை மறவாமல் மறுநாள் வந்து சொல்ல வேண்டும். அக்காலப் பள்ளிக்கூடத்தில் பிரம்பும் கடுந்தண்டனையும் இருந்தன. அவற்றை நாம் போற்ற வேண்டியதில்லை. ஆனால் இந்த ஒரு வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். பிள்ளை வீட்டுக்கு எடுத்துச் சென்றது சில சொற்களையே. அதற்குப் பையும் வேண்டா, விளக்கும் வேண்டா. வழியெல்லாம் அச்சொற்களைச் சொல்லிக்கொண்டே போகலாம்.

அவ்வழியில் நின்று, 1, 2 வகுப்புப் பிள்ளைகளுக்கு எத்தகைய வேலை தகும் என்பதைச் சொல்லுகிறேன்.

ஒன்று, பார்த்து வருவது. எங்கள் ஊர் இடைக்கழிநாட்டைச் சேர்ந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பங்கழி. இன்று கழியில் எத்தனை படகு நின்றது, என்னென்ன பறவை வந்தது, அடித்த காற்று வாடையா, கொண்டலா, கச்சானா என்று பார்த்து வந்து சொல்லச் செய்யலாம். காற்றின் பெயரைப் பிள்ளைக்குத் தெரியாவிட்டால் தந்தைக்குத் தெரியும். எழுத்தறியாத தந்தை அன்று தன் பிள்ளைக்கு ஆசிரியராகிறார்.

இரண்டு, எண்ணி வருவது. மீன் விற்கும் தாயோடு சந்தையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, ஒரு கூறு 50 ரூபாய் என்றால் மூன்று கூறு 150 என்று நொடியில் சொல்லிவிடுகிறது. 200 ரூபாய்த் தாளை நீட்டினால் மீதி 50 என்று எடுத்தும் கொடுக்கிறது. அதே பிள்ளை கரும்பலகையில் அதே கணக்கைக் கண்டால் திகைத்து நிற்கிறது. சந்தைக் கணக்கும் பலகைக் கணக்கும் ஒன்றே என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. "நேற்று அம்மா எத்தனை கூறு விற்றார்கள்? சொல், நாம் அதைப் பலகையில் எழுதுவோம்" என்று ஆசிரியர் காலையில் தொடங்கினால், வீடும் பள்ளியும் ஒன்று சேர்கின்றன.

மூன்று, கேட்டு வருவது. பாட்டியிடம் ஒரு கதை, தாத்தாவிடம் ஒரு விடுகதை, பக்கத்து வீட்டாரிடம் ஒரு பழைய செய்தி. எங்கள் ஊரை அடுத்து ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கும், 1760-இல் ஆங்கிலேயர் கைக்கும் போன கோட்டை அது. பிள்ளைக்கு ஆண்டுகள் வேண்டா. சுவர் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனது என்று தொட்டுப் பார்த்து வந்து சொன்னால் போதும். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இதே இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர் என்பதை அது பின்னாளில் படிக்கும்போது, தான் ஓடித்திரிந்த மண்ணின் புலவர் அவர் என்று மகிழும்.

நான்கு, படித்துக் காட்டுவது. மேலே சொன்ன படகோட்டித் தந்தைக்கு நான் கொடுக்க விரும்பும் அடையாளம் இதுவே. அன்று வகுப்பில் படித்த ஐந்தாறு வரிகளை, இரவு உணவுக்கு முன் பிள்ளை உரக்கப் படித்துக் காட்டட்டும். பெற்றோர் கேட்டால் போதும். கேட்பதற்கு எழுத்தறிவு வேண்டா. சென்ற மாதம் எழுத்துக் கூட்டித் தடுமாறிய பிள்ளை இந்த மாதம் தடையின்றிப் படிக்கிறது என்பதை எந்தத் தாயும் தன் காதாலேயே அறிந்துகொள்வாள். நோட்டுப் புத்தகத்தில் நிறைந்த பக்கம் ஏமாற்றலாம். பிள்ளையின் குரல் ஏமாற்றாது. இதற்குப் பத்து நிமிடம் ஆகும். வேண்டாம் என்று பிள்ளை சொல்லும் நாளில் விட்டுவிடலாம்.

இவ்வேலைகளுக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. செய்யாத பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது. செலவு வைக்கும் எதையும் கேட்கக் கூடாது. வண்ண அட்டையும் பொம்மைப் படமும் வாங்கி வரச் சொல்வது ஏழைத் தாயின் அரை நாள் கூலியைப் பறிப்பதாகும். பிள்ளை கொண்டுவந்ததை மறுநாள் முதல் வேலையாக ஆசிரியர் கேட்க வேண்டும். கேட்கப்படாத கதையும் திருத்தப்படாத எழுத்தும் ஒன்றே.

எழுத்துக்கும் கணக்குக்கும் வேண்டிய பயிற்சியோ பள்ளி நேரத்திலேயே நடக்க வேண்டும். நம் மாநில அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்து, பயிற்சி நூலை வகுப்பிலேயே செய்ய வைக்கின்றனர். நாள்தோறும் இருபது நிமிடத்தை இதற்கென்றே ஒதுக்கி, ஆசிரியர் வரிசையாக நடந்து ஒவ்வொரு கையையும் பார்த்துவந்தால், வீட்டில் எழுதும் மூன்று பக்கத்தை விட அது அதிகப் பயன் தரும்.

வீட்டில் துணை வேண்டிய பிள்ளைக்குத் துணையை அனுப்புவது ஊராரின் கடமை. கொரோனாவால் பள்ளிகள் நெடுநாள் மூடிக்கிடந்த பின், 2021 அக்டோபர் 27-ஆம் நாள், எங்களுக்குத் தெற்கே மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில், முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஊரிலேயே உள்ள தன்னார்வலர்கள், அவர்களுள் பெரும்பாலும் பெண்கள், மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதையும் பாட்டும் விளையாட்டுமாகக் கற்பித்தனர். அத்திட்டத்தின் பின்னுள்ள எண்ணத்தை நாம் மறக்கலாகாது. வீட்டால் முடியாததை வீட்டின்மேல் சுமத்தாமல், அதை ஊர் தாங்கிக்கொண்டது. படித்த இளைஞர் ஒருவர் வாரத்தில் இரண்டு மாலை ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, நாலு பிள்ளைகள் படிப்பதைக் கேட்டால், அதுவும் அவ்வகைத் தொண்டே.

மூன்றாம் வகுப்பு முதல், வாரத்திற்கு இரண்டு மணி என்ற வரம்புக்குள் எழுத்து வேலையைச் சிறிது சிறிதாகத் தொடங்கலாம். அப்போது கை தேறியிருக்கும், படிக்கவும் வந்திருக்கும், தனியே உட்கார்ந்து செய்யும் பொறுமையும் வந்திருக்கும். இரண்டாண்டு பொறுப்பதால் பிள்ளை பின்தங்கிவிடாது. பள்ளியை அஞ்சாமல் வளர்ந்த பிள்ளையே பின்னாளில் தானாக உட்கார்ந்து படிக்கும்.

தனியார் பள்ளி நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். பெற்றோர் கேட்கிறார்கள் என்பதற்காகக் கொடுக்கிறோம் என்று நீங்கள் சொல்லுகிறீர்கள். நோயாளி கேட்கிறார் என்பதற்காக மருத்துவர் மருந்தைக் கூட்டிக் கொடுப்பதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் பெற்றோரை அழைத்து, ஏன் கொடுக்கவில்லை என்பதையும், அதற்கு மாறாக வீட்டில் என்ன செய்யலாம் என்பதையும் விளக்கிச் சொல்லுங்கள். எடுத்துச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.

பெற்றோர்களே, இன்று மாலை உங்கள் பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும், வீட்டுப் பாடம் என்ன கொடுத்தார்கள் என்று கேட்பதற்கு முன்னே, இன்று என்ன பார்த்தாய், யாரோடு விளையாடினாய் என்று கேளுங்கள். பிறகு புத்தகத்தை எடுத்து வரச் சொல்லி, ஒரு பக்கத்தைப் படிக்கக் கேளுங்கள். தவறினால் சிரிக்காதீர்கள். முடித்ததும் விளையாட அனுப்பிவிடுங்கள்.